தாயின் குற்றமா?

ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சைச் சோதித்த வைத்தியர், இருதய வால்வு பழுதுபட்டுள்ளது என்கிறார். "நான் என்ன பாவஞ் செய்தேன்?" என்று தாய் விம்முகிறாள். அவளுக்கு நாம் கூறும் விடை யாது?

ஊழ்வினை என்பர் சிலர். தாயின் கவனக்குறைவு என்பர் வேறு சிலர். இரு கூற்றும் பழியை அவள் தலையில் ஏற்றிச் சமுதாயத்தைத் தப்பவிடுகின்றன.

வாதக் காய்ச்சலின் கதை வேறு. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை நோகிறது. இரண்டு மூன்று வாரங்களின் பின், அக்கிருமியை எதிர்த்தெழுந்த உடலின் காப்புச் சக்தியே மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. ஒரே அறையிற் பலர் நெருங்கிக் கிடக்கும் லயன்களிலும் சேரிகளிலும் கிருமி எளிதிற் பரவும். செல்வ நாடுகளில் இந்நோய் பெரிதும் அருகிவிட்டது. ஊழ்வினை, வீட்டின் பரப்பை அளந்து பார்த்தா வருகிறது?

பெனிசிலின் 1928இல் கண்டறியப்பட்டது. தொண்டை நோவின்போதே அதனைக் கொடுத்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். நோய் வந்த பின்னரும், மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை பல்லாண்டுகள் ஊசி ஏற்றினால், காய்ச்சல் மீண்டும் வந்து வால்வைச் சிதைக்காமற் காக்கலாம்.

ஆயினும், சமுதாயக் காரணத்தைக் கூறிவிட்டு நாம் ஒதுங்கலாகாது. ஊசி நாளில் நாட்கூலியை இழந்து பிள்ளையைத் தூக்கிச் செல்பவள் அவளே. இரவில் அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவளும் அவளே. பொறுப்பு வேறு, குற்றம் வேறு. பொறுப்பை அவள் குறைவின்றிச் சுமக்கிறாள். குற்றத்தில் நமக்குரிய பங்கை நாம் ஏற்கிறோமா?

தொண்டை நோகிறதென்று வகுப்பில் ஒரு பிள்ளை முனகும்போது, அவ்வினா நம் முன்னே நிற்கிறது.