யாருடைய கீறல்?

புது எலெக்ட்ரிக் கிதாரின் பூச்சில் ஒரு கீறல். ஒலிக்குப் பாதகமில்லை, தந்தியின் அதிர்வை மின்னலையாக்குவது பிக்கப்பின் காந்தமும் கம்பிச்சுருளும்தான். பின் ஏன் உறுத்துகிறது? ரோரி காலஹரின் 1961-ஆம் வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்து மரம் தெரிந்தது. அது வாசித்துத் தேய்ந்தது. ஃபென்டர் கம்பெனியோ 1995-இலிருந்து புதுக் கிதார்களையே தேய்த்துப் பழசாக்கி, ‘ரெலிக்’ என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது, அதையும் வாங்குகிறார்கள். ஆக, கண்ணுக்குக் கீறலோடு பகையில்லை. நம் கீறல் யாரோ ஒருவரின் அஜாக்கிரதை, உறுத்துவது அதுதான்.

திருப்பித் தருவது வாங்கியவனின் உரிமை. வாசித்துப் பார்த்தபின் கை விட மறுத்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விற்றவனிடம் குறையைச் சொல்லிவிட்டு. சகிப்பு வேறு, மௌனம் வேறு. மௌனத்தைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வது, பழசுபோல் தேய்த்த புதுக் கிதார் மாதிரிதான்.