சனிக்கிழமைச் சம்பளம்

"மவ ஊட்டுல கெடந்து சாவக்கூடாது. பையன் ஊட்டுல இருந்துதான் என்னைய எடுக்கோணும்." அம்மா இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசித்தவள். வந்தால் ஒரு டம்ளர் காப்பியோடு எழுந்துவிடுவாள். இப்போது நான்கு வருடமாகத் திருமுருகன்பூண்டியில் என்னோடுதான் இருக்கிறாள். சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

அம்மா முப்பது வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவள். கைமடியாகச் சேர்ந்து செக்கிங்கில் முடித்தாள். மறதி நோய் வந்த பிறகு காலையில் காப்பி குடித்ததும் "ஷிப்டுக்கு நேரமாச்சு கண்ணு" என்று கேட்டருகே போய் நிற்பாள். வேலையை விட்டு வெகுகாலம் ஆயிற்று என்று முதலில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் வேலை போனதுபோல அழுதாள். உண்மையைச் சொல்கிறேன் என்ற பெயரில் தினமும் ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் செகண்ட்ஸ் பனியன் வாங்கிவந்து அவள் முன்னால் கொட்டினேன். கை தானாக எழுந்தது. தையலை விரலால் தடவினாள், உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள், பிசிரைக் கிள்ளினாள், மடித்து டஜன் டஜனாக அடுக்கினாள். என் பெயர் தெரியாத அம்மாவுக்கு ஓட்டைத் தையல் தெரிகிறது. இரவில் நான் எல்லாவற்றையும் கலைத்து வைப்பேன். ஏமாற்றுவேலைதான். அதைப் பற்றி எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கேட்பாள். இருநூறு ரூபாய் கொடுப்பேன். எச்சில் தொட்டு எண்ணி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு என் காதருகே வருவாள். "உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடாத." அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன் தின்போம். சம்பாதித்த முப்பது வருடத்தில் தன் காசில் ஒரு பேக்கரியில் அவள் உட்கார்ந்து தின்றதில்லை.

இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு முதலில் உட்காருகிறாள். முட்டை கேட்கிறாள். காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிற ஆண்களைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறாள். கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிட்ட அம்மாவை மட்டுமே எனக்குத் தெரியும். இவளை இப்போதுதான் சந்திக்கிறேன். சந்தித்ததில் சந்தோஷப்படுகிறேன். அங்கேதான் எனக்கு இடறுகிறது. ஒரு நோய் கொடுத்ததை எண்ணி மகள் சந்தோஷப்படலாமா?

அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவார்க்கின் 1993இல் எழுதிய நூலில் மார்கோ என்ற பெண் வருகிறாள். ஒரு மருத்துவ மாணவர் சந்தித்து எழுதிய, அல்சைமர் நோயுள்ள பெண். ஒரே படத்தைத் தினமும் வரைவாள், துப்பறியும் நாவலை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து வைத்திருப்பாள், மகிழ்ச்சியாக இருந்தாள். இந்நிலை வந்தால் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே அவள் எழுதிவைத்திருந்தால் என்ன செய்வது என்று டுவார்க்கின் கேட்டார். அன்றைய மார்கோவின் சொல்லைத்தான் மதிக்க வேண்டும் என்றார். ரெபெக்கா டிரெஸ்ஸர் என்ற சட்ட அறிஞர் மறுத்தார்: நம் எதிரில் இருப்பவள் இன்றைய மார்கோ, அவளுடைய இன்றைய நலனைத்தான் பார்க்க வேண்டும்.

டுவார்க்கின் சொல்வதை ஏற்றால் அம்மாவை நான் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதா? அவள் அம்மாவும் அதையே சொன்னாள், என் மாமியாரும் சொன்னார். ஊர் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒப்பித்தாள் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ளவும் மனம் வரவில்லை. அந்த வாக்கியத்தில் அவளுக்கு ஒரு ரோஷம் இருந்தது. அவள் விருப்பம் எது என்று எல்லோரும் அவளுக்காக முடிவு செய்தார்கள். அந்த வரிசையில் படித்த மகளும் போய் நிற்பதா? இதற்கு என்னிடம் விடையில்லை. முட்டையை மட்டும் தினமும் வைக்கிறேன்.

எல்லா நாளும் சனிக்கிழமை இல்லை. சில இரவுகளில் "திருடி, என்ற சம்பளத்தக் குடு" என்று என் முடியைப் பிடிப்பாள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னைச் சுந்தரர் பறிகொடுத்த ஊர் இது. கோயிலில் இன்றும் வேடுபறி விழா நடக்கிறது. பாட்டுப் பாடியதும் அவருக்குப் பொன் திரும்பக் கிடைத்ததாம். பித்தம் தெளிய இந்தக் கோயிலுக்கு ஆட்களைக் கூட்டிவருவதும் வழக்கம்தான். அம்மாவையும் ஒரு மண்டலம் குளிப்பாட்டச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. குளிப்பாட்ட வருகிறேன் என்று சொன்னவர்தான் யாருமில்லை. ஒருமுறை மலத்தைச் சுவரில் பூசியபோது அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன். மூன்று நாள் கன்றிக் கிடந்தது. எப்படி ஆயிற்று என்று என்னிடமே கேட்டாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்து பாதிச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக. நோயும் எங்களுக்கு, நிமிடமும் எங்களுக்கு.

அண்ணனிடம் பேசினால், "அம்மா உங்கிட்டத்தான சந்தோசமா இருக்கா" என்பான். இதைவிட என்னைக் கோபப்படுத்திய சொல் கிடையாது. நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பை எடுத்துத் தன் விடுப்புக் கடிதமாக எழுதிக்கொள்கிறான். நான் புலம்பினால் சந்தோஷம் பொய் என்பார்கள், சிரித்தால் சுமை பொய் என்பார்கள். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்றை நம்புவோம் என்றால், எதையும் நான் விடுவதாக இல்லை. தேங்காய் பன் எங்களுடையது. வாரத்தில் ஒருநாள் அவனுடையது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் சாக்குச் சொன்னான். பிறகு ஒரு சனிக்கிழமை வந்தான். "புதுசா சேந்த பையனா?" என்று அம்மா கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. "ஆமாங்க" என்றான். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஒரு டஜன் மடித்துவைத்தான். அம்மா மேலே இருந்த பனியனை எடுத்தாள், தோள்பட்டையைச் சேர்த்துப் பார்த்தாள், மொத்த அடுக்கையும் அவன் மடியில் தள்ளினாள்.

"இது பாஸ் ஆவாதுப்பா. பிரிச்சு மறுபடி மடி."