புழுதி விதைப்பு



போன ஆவணியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன். பதினேழு வயதுப் பையன். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் பிள்ளை இல்லை. என் சிநேகிதனுடைய தங்கை மகன் அவன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே அந்தத் தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்.

வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “நல்ல பிள்ளைகளத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிருவாரு” என்றார் ஒருவர். “போன பெறவியில பட்ட கடன் போலருக்கு” என்றது ஒரு கிழவி. என் பங்குக்கு நானும் சொன்னேன்: “சாமி இருக்காரு தாயி, மனசத் தளரவிடாத.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “இருக்காருண்ணே. அன்னிக்கு ராத்திரியும் இருந்தாரா?”

வானொலியில் பேசுகிறவன் நான். அன்றைக்கு என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறத் திருச்சுழிக்குத்தான் வரவேண்டும். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. திருமேனிநாதர் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தேன். சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய ஊர் இது. கண் பார்வை பறிபோனபோது ‘எல்லாம் நன்மைக்கே’ என்று கைகட்டி நின்றவர் இல்லை அவர். ஆண்டவனிடம் சண்டை பிடித்தவர், முறையிட்டவர், ஏசியவர். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் ஒரு கண் என்று பார்வையைத் திரும்பப் பெற்றார் என்கிறது பெரிய புராணம். அத்தனைக்கும் பிறகு சேரமான் பெருமாளோடு பாண்டி நாட்டுக்கு வந்தபோது இந்தத் திருச்சுழிக்கும் வந்து பாடினார். கோபித்துக்கொள்கிற உரிமையும் நம்பிக்கையில் சேர்த்திதான் போலிருக்கிறது. உறவு இல்லாத இடத்தில் யார் போய் ஏசுவார்கள்?

ஆனால் அன்றைக்கு என் நினைவில் நின்றது சுந்தரர் இல்லை. இதே ஊரில் குடித்தனம் நடத்திய ஒரு பெண். அழகம்மாள். மானாமதுரைக்குப் பக்கத்துப் பாசலையில் பிறந்து, திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யருக்கு வாழ்க்கைப்பட்டவர். தாது வருஷப் பஞ்சம் இந்தச் சீமையைச் சூறையாடி ஓய்ந்த மறுவருஷம், 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன இரவில், அவருக்கு இரண்டாவது மகன் பிறந்தான். வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். மகரிஷியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவரைப் பெற்றவள் பட்டதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1892இல் கணவர் போய்விட்டார். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவின் உடல் இங்கேதானே இருக்கிறது, பிறகு போனது எது என்று அந்தப் பையன் நெடுநேரம் யோசித்தானாம். அம்மாவுக்கு அப்படி யோசிக்க நேரம் ஏது? பிள்ளைகள் கையில். கொழுந்தனார்களை அண்டி வாழவேண்டிய நிலை. நாலு வருஷம் கழித்து, 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்த வேங்கடராமன் காணாமல் போனான். அண்ணனுக்குச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போயிருந்தான். தேட வேண்டாம் என்பதுதான் அந்தச் சீட்டின் சாரம். கையெழுத்துக்கூட இல்லை. ஆன்மிக உலகுக்கு அது பெரிய நாள். அழகம்மாளுக்கு அன்றைக்குப் பிள்ளை தொலைந்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1898 டிசம்பரில் திருவண்ணாமலை பவழக்குன்றில் மகனைப் பார்த்தார். சடை விழுந்த தலை, அழுக்கேறிய உடம்பு, மௌனம். வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் கெஞ்சி அழுதார். கடைசியில் மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவரவர் வினைப்படி ஆட்டுவிக்கிறவன் ஆட்டுவிக்கிறான், நடக்காதது நடக்காது, நடப்பது நிற்காது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் பொருள். மகா வாக்கியமாக அதைப் படிக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் படித்தேன், வெகுகாலம். அந்தத் துட்டி வீட்டிலிருந்து வந்த பிறகு அதை வாங்கிக்கொண்ட கையை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தாளை மடித்துக்கொண்டு அம்மா ரயிலேறி ஊருக்குத் திரும்பினார். அதோடு விட்டதா? 1900இல் மூத்த மகன் நாகசாமியும் இறந்துபோனார். 1915இல் இளைய மகனின் மனைவி, கைக்குழந்தையை விட்டுவிட்டு.

இத்தனையும் ஏன் இந்த ஒரு பெண்ணுக்கு? ஏதாவது ஒரு காரணத்தைக் கட்டி நிறுத்தினால் நமக்கு நிம்மதி. பட்டவளுக்கு அதனால் என்ன? விவிலியத்தில் யோபுவின் கதையும் இதுதான். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய் என்று காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கதை முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது, வழக்காடிய யோபுவை அல்ல, தன் சார்பில் விளக்கம் சொன்ன அந்த மூவரைத்தான்.

அழகம்மாள் கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1914இல் மகனைப் பார்க்க வந்த இடத்தில் அவருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. சில வாரம் படுத்த படுக்கை. நடப்பது நிற்காது என்று எழுதிக் கொடுத்த அதே மகன், இப்போது தாளில் வேறொன்று எழுதினார். அருணாசலனிடம் அம்மாவின் காய்ச்சலைத் தணிக்கச் சொல்லி நான்கு பாட்டு. பக்கத்தில் இருந்து பணிவிடையும் செய்தார். அம்மா பிழைத்தார். ஞானிக்கு எதற்கு வேண்டுதல் என்று நூலறிந்தவர்கள் விவாதிக்கட்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மகன் கேட்காமல் யார் கேட்பார்?

1916இல் மகனிடமே வந்து தங்கிவிட்டார். மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். 1922 மே 19. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கை அம்மாவின் நெஞ்சில், இடது கை தலையில். பகல் முழுக்க அப்படியே. இரவு எட்டு மணி வாக்கில் மூச்சு அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. உபதேசம் ஏதும் இல்லை. மலையடிவாரத்தில் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமமே எழுந்தது. கை வைத்த அந்த ஒரு பகலை நினைக்கும்போதெல்லாம், 1898இல் எழுதிய அந்தத் தாளுக்கு மிச்ச வரி இதுதானோ என்று எனக்குத் தோன்றும். இது என் எண்ணம். யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகு நோய் மகரிஷிக்கே வந்தது. 1949இல் இடது கையில் இருந்த ஒரு சிறு கட்டியை அறுத்தார்கள், மறுபடி வளர்ந்தது. புற்று. அந்த ஒரே வருஷத்தில் நான்கு அறுவைச் சிகிச்சை. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு மட்டும் அவர் இசையவில்லை. வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. ‘எனக்கு ஏன்’ என்றும் கேட்கவில்லை. தங்களுக்காகவாவது குணமாக்கிக்கொள்ளச் சொல்லி அழுத அடியார்களுக்குத்தான் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு, வெளியே அடியார்கள் அருணாசல சிவ என்று பாடிக்கொண்டிருக்க, மூச்சு நின்றது.

பஸ் வந்துவிட்டது, ஏறினேன். அப்புறம் எனக்கு அந்தத் துட்டி வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருந்தது. புரட்டாசியில்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. “காட்டுல இருக்காக” என்றார்கள்.

நம் மானாவாரிக் காட்டு வழக்கம் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை மழையில் உழுது போட்ட நிலம் புரட்டாசியில் புழுதியாகக் கிடக்கும். மழைக்குக் காத்திருந்தால் காலம் தப்பிவிடும் என்று அந்தக் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். ஐப்பசி மழை முழுசாக இறங்கினால் பிழைத்தது. அரைகுறை ஈரத்தில் முளைத்துவிட்டு மழை பின்வாங்கினால் அத்தனையும் கருகிப்போகும். அதனால் இரண்டாவது விதைப்புக்கும் சேர்த்துத்தான் வீட்டில் விதை கட்டி வைப்பார்கள்.

அவளும் புருஷனும் குதிரைவாலி விதைத்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் வரப்பில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

“மழை வருமாண்ணே?” என்று கேட்டாள்.

“தெரியலையே தாயி” என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“இந்த வெதப்பெட்டியக் கொஞ்சம் பிடிங்க. அவரு ஒத்தையில செரமப்படுறாரு.”

நான் எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டேன்.