கேட்பவர் தகுதி

நேரில் காணாத ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்பது பழைய கேள்வி. அறிவு பெறும் வழிகளை எத்தனை விதமாகப் பிரித்தாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் முடிவு கட்டுகிறார். கண்ணால் அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. இவற்றுள் அதிகம் வழக்காடப்பட்டது உரைதான். பௌத்த அளவைவாதிகள் அதைத் தனி அளவையாக ஏற்கவில்லை. உலகாயதர் காட்சிக்கு அப்பால் ஓரடியும் எடுத்துவைக்க மறுத்தார்கள். ஏற்றுக்கொண்ட நியாய மரபினரும் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். உள்ளதை உள்ளபடி அறிந்து, அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விழைபவரே ஆப்தர். ஆக, வாதத்தின் பெரும்பகுதி சொல்பவரின் தகுதியைச் சுற்றியே நடந்தது. கேட்பவருக்கும் தகுதி உண்டு என்பதை நன்னூல் மாணாக்கர் இலக்கணத்தில் பேசுகிறது. ஆனால் அது கற்கும் தகுதி. கேட்பவர் சரியில்லை என்றால் சொல்பவரின் உண்மையே கெட்டுப்போகும் என்பது அதனினும் கடுமையான செய்தி. இதற்கு ஒரு சான்று, யாரும் தத்துவத்தைத் தேடிப் போகாத இடமொன்றில் கிடைக்கிறது: அமெரிக்கக் கால்பந்து அணிகளின் நிர்வாக அலுவலகம்.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கூட்டமைப்பில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரலில் டிராஃப்ட் எனப்படும் தேர்வு ஏழு சுற்றுகளாக நடக்கிறது. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதலிடம். இதற்கான வேலை அதற்கு முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்கவுட்டுகள் என்னும் வீரர் தேர்வாளர்கள் ஆளுக்கொரு வட்டாரமாகப் பிரித்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் செல்கிறார்கள். பயிற்சியைப் பார்க்கிறார்கள், ஆட்டப் படங்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார்கள், பயிற்சியாளர்களிடமும் காயத்துக்குக் கட்டுப் போடுபவர்களிடமும் விசாரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வீரருக்கும் அறிக்கை எழுதி மதிப்பெண் இடுகிறார்கள். அதே வீரரை இன்னொரு மூத்த தேர்வாளர் தனியே பார்த்துச் சரிபார்க்கிறார். பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸ் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களை ஓடவிட்டு, தாண்டவிட்டு, மருத்துவர்களிடம் காட்டி, நேர்காணலும் செய்கிறார்கள். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பலகையில் பெயர் வரிசையாக நிற்கும். அந்தப் பலகையைப் பார்த்துப் பெயரை அறிவிக்க உத்தரவிடுபவர் ஜெனரல் மேனேஜர். பலகையில் உள்ள பலரின் ஆட்டத்தை அவர் மைதானத்தில் நின்று ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். படங்கள் பார்த்திருப்பார், எண்கள் படித்திருப்பார். அந்த இளைஞர் எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் பிறர் சொல்லியே அறிந்திருப்பார். கோடிக்கணக்கான டாலர் முடிவு, உரை என்ற அளவையின் மேல் ஏறி நிற்கிறது.

அந்த உரை எப்படிக் கெடுகிறது? தேர்வாளர் பொய்யராக இருப்பதால் கெடுவது அரிது. பொய் சொல்வதில் அவருக்கு இலாபம் இல்லை. தவறான பெயர்கள் சேர்ந்தால் அவர் வேலையே போய்விடும். ஆனால் மேலாளருக்கு ஒரு வீரர்மேல் ஆசை விழுந்திருப்பது தெரிந்துவிட்டால், அந்த வீரரின் குறையை எழுதப்போன கை கொஞ்சம் தயங்கும். 'கால் மெதுவானது' என்று எழுத நினைத்தவர் 'வேகம் போதுமானது' என்று எழுதுவார். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் உண்மை இடம் மாறிவிட்டது. நன்றாக நடக்கும் அலுவலகங்கள் இதற்காகவே சில ஒழுங்குகளை வைத்துக்கொள்கின்றன. கூட்டம் கூடுவதற்கு முன்பே அறிக்கை எழுத்தில் வந்துவிட வேண்டும். ஒருவர் மதிப்பெண்ணைப் பார்த்து இன்னொருவர் எழுதக் கூடாது. கூட்டத்தில் பார்த்தவர் முதலில் பேச வேண்டும், முடிவெடுப்பவர் கடைசியில் பேச வேண்டும். இவை வெறும் நிர்வாக நடைமுறைகள் போலத் தோன்றும். உண்மையில் இவை கேட்பவர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் விலங்குகள். தம் விருப்பம் பிறர் கண்ணை மறைக்கும் வல்லமை உடையது என்று அறிந்தவர்தான் தம் வாயைக் கட்டிக்கொள்வார்.

கேட்பவரின் இன்னொரு கடமை, சொல்லின் பொருளைச் சொல்பவரோடு சேர்ந்து வரையறுப்பது. 1960களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் டெக்ஸ் ஷ்ராம், வீரர் தேர்வில் கணினியைப் பயன்படுத்த விரும்பினார். அதற்காக ஐபிஎம்மின் துணை நிறுவனமொன்றில் பணியாற்றிய சலாம் குரேஷி என்ற இந்தியப் புள்ளியியலாளரை அணுகினார். குரேஷிக்கு அமெரிக்கக் கால்பந்து அந்நியமானது. அந்த அறியாமையே உதவியாயிற்று. தேர்வாளர்கள் அறிக்கைகளில் தாராளமாக இறைத்த 'சுறுசுறுப்பு', 'போட்டி குணம்', 'நல்ல நடத்தை' போன்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டிய நிலை அவருக்கு மட்டுமே இருந்தது. ஒருவர் 'மிக நன்று' என்பது இன்னொருவரின் 'பரவாயில்லை'க்குச் சமமாக இருந்தால், இரண்டையும் கூட்டிக் கணினி என்ன செய்யும்? ஆகவே நூற்றுக்கணக்கான இயல்புகளைச் சலித்து, உயரம், எடை, வேகம் என்று அளக்கக்கூடியவை போக, நடத்தை, உடல் கட்டுப்பாடு, போட்டி மனம், மனக்கூர்மை, வெடிப்பான வலிமை என்ற ஐந்துக்குள் சுருக்கி, எல்லாரும் ஒரே அளவுகோலில் மதிப்பிடும்படி செய்தார்கள். எந்திரம் மனிதக் கண்ணை அகற்றிய கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. எந்திரத்துக்குள் போனவற்றில் பெரும்பகுதி மனிதர் கண்டு சொன்ன சொற்களே. அங்கே நடந்தது, அலுவலகம் தன் ஆட்களின் பேச்சைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்டது.

கேட்டபின் அதற்கு மதிப்புத் தருவது மூன்றாவது கடமை, கடினமானதும் அதுதான். 1996இல் கிளீவ்லேண்டிலிருந்து பால்டிமோருக்குக் குடிபெயர்ந்த ரேவன்ஸ் அணிக்கு முதல் டிராஃப்ட். நான்காவது இடத்தில் எடுக்கும் வாய்ப்பு. அணி உரிமையாளர் ஆர்ட் மோடெலுக்கு, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு பேர்பெற்ற வீரர் வேண்டியிருந்தது. தேர்வுப் பொறுப்பில் இருந்த ஓஸி நியூசமின் பலகையிலோ அந்நேரம் உச்சியில் நின்ற பெயர் ஜோனதன் ஆக்டன், எதிரியைத் தடுத்து நிற்கும் தடுப்பாட்டக்காரர். அந்த இடத்துக்கு அணியில் ஏற்கெனவே ஆள் இருந்தார். நியூசம் பலகையின் சொல்லைப் பிடித்துக்கொண்டார்; உரிமையாளர் விட்டுக்கொடுத்தார். அதே நாள் 26ஆவது இடத்தில் ரே லூயிஸையும் எடுத்தார்கள். ஆக்டன் 2013இலும் லூயிஸ் 2018இலும் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். முடிவு நன்றாக அமைந்ததால் இதை மெச்சவில்லை. முடிவு வேறாகவும் ஆகியிருக்கலாம். பணம் போட்டவர் தம் ஆசையை அடக்கிக்கொண்ட அந்தச் சில நிமிடங்களில், பல மாதம் ஊர் ஊராகத் திரிந்தவர்களின் சொல்லுக்குப் பொருள் பிறந்தது. அன்று அவர் மறுத்திருந்தால், அடுத்த ஆண்டு அறிக்கைகள் உரிமையாளரின் விருப்பத்தை முகர்ந்தே எழுதப்பட்டிருக்கும். காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை வள்ளுவர் இறைமாட்சியில் அரசனுக்கு உரியதாக வைத்தார். அதை நாம் பெருந்தன்மை என்று படித்துவந்திருக்கிறோம். அது அரசன் உண்மையை அறிவதற்கான வழியுமாகும். கசப்பைப் பொறாதவன் செவிக்குக் கசப்பான உண்மை வந்து சேராது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதலாவது, எண்களை நம்பினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது. நிறுத்தக் கடிகாரம் யார் முகத்தையும் பார்த்து நேரம் காட்டுவதில்லை. உண்மைதான். ஆனால் கடிகாரம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். 2000ஆம் ஆண்டில், குவார்ட்டர்பேக் எனப்படும் பந்து எறியும் வீரரான டாம் பிராடி 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அவருடைய ஆட்டப்பொறுப்புக்கும் அது மந்தமான வேகம். எண் பொய் சொல்லவில்லை. எதிரிகள் நாலாபுறமும் நெருக்கும்போது நின்று நிதானித்துப் பந்தை எறிய வேண்டிய ஒருவரிடம் அந்த வேகத்தைக் கேட்டது பெரிய கேள்வியில்லை, அவ்வளவே. நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன் நேரில் போய்ப் பார்த்து வந்து இவர் வேண்டும் என்று பரிந்துரைத்தார். தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அதைக் கேட்டார். ஆனால் ஆறு பேரை எடுத்த பிறகே, மொத்தத்தில் 199ஆவதாக, ஆறாவது சுற்றில் பிராடியை எடுத்தார்கள். பிறகு வழக்கத்துக்கு மாறாக நான்காவது குவார்ட்டர்பேக்காக அவரை ஓராண்டு அணியிலேயே வைத்திருந்தார்கள். பிராடி, கூட்டமைப்பின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். அந்தச் சொல் மெய்யாவதைக் காண ரேபைன் இல்லை. பிராடி முதல்நிலை ஆட்டக்காரராவதற்குச் சில வாரம் முன்பு, 2001 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இவ்வளவு கேட்டும் என்ன பயன்? 1998இல், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பேட்டன் மானிங்கை அடுத்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப், தம் ஆட்டக்காலம் முழுவதும் புள்ளி தரும் டச்டவுன்கள் 14 எறிந்து, 36 முறை எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்தார். இருவரையும் தேர்வாளர்கள் சலிக்காமல் பார்த்தே இருந்தார்கள். ஆய்வாளர் கேட் மாஸியும், பிற்பாடு நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டுகளை ஆராய்ந்தபோது, எடுக்கப்பட்ட ஒருவர் அதே ஆட்டப்பொறுப்புக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல் என்று கண்டார்கள். ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். ஆனால் அதே ஆய்வைத் தொடர்ந்து படித்தால் பழி யார்மேல் விழுகிறது என்று புரியும். மேலே எடுக்கப்பட்டவர்கள் சராசரியில் கீழே எடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். பார்த்தவர்களின் கண் முழுக் குருடு இல்லை. பெரிய பிழை விலையில் இருக்கிறது. தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற துணிச்சலில், முன்னே எடுக்கும் உரிமைக்காக அணிகள் அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன. தேர்வாளர் 'இருக்கலாம்' என்று கொடுத்ததை அலுவலகம் 'இருக்கும்' என்று வாங்கிக்கொண்டது. மங்கலான சொல்லை மங்கலாகவே கேட்கத் தெரியாதது கேட்பவர் குற்றம்.

மூன்றாவது, அறம் சார்ந்த மறுப்பு. இளைஞர்களை வரிசையில் நிறுத்தி உயரம் பார்த்து, கை நீளம் அளந்து, பல்லைப் பிடித்துப் பார்க்கும் மாட்டுச் சந்தையில் என்ன தத்துவம் வேண்டியிருக்கிறது? இந்த மறுப்பின் பாதியை ஏற்கத்தான் வேண்டும். தமக்கு எந்த ஊர், எந்த அணி என்பதில் அந்த இளைஞருக்கு வாய்ப்பேச்சே இல்லை. மூடிய அறையில் தம் நடத்தையைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்றும் அவருக்குத் தெரியாது; மறுமொழி சொல்லவும் வழியில்லை. ஆனால் இதிலிருந்து பிறப்பது கேட்பவரின் பொறுப்பு கூடுகிறது என்பதே. இல்லாதவரைப் பற்றிய சொல்லைக் கேட்கும்போது, அவர் இருந்தால் என்ன கேட்பாரோ அதைக் கேட்பவர் கேட்க வேண்டும்: இதை நீ கண்டாயா, யாரோ சொன்னதா? எத்தனை முறை கண்டாய்? இந்தக் கேள்வி இல்லாத இடத்தில் அறிக்கை புறங்கூற்றாகிவிடும்.

கடைசியாக ஒன்று: தனி ஒருவரின் மேதைமையே பெரிய அணிகளைக் கட்டியது, குழுவின் பேச்சுக்கெல்லாம் காது கொடுத்தால் துணிவு போய்விடும் என்பார்கள். கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல. எல்லாருடைய சொல்லையும் கேட்டபின் தலைவர் வேறு முடிவெடுக்கலாம். எடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். முடிவு தவறினால் பழியைத் தாம் ஏற்க வேண்டும், கண்டதைச் சொன்னவர்மேல் தள்ளக் கூடாது. பழி கீழே இறங்கும் அலுவலகத்தில் எவரும் துணிந்து எதையும் சொல்லமாட்டார். எல்லாரும் 'பார்க்கலாம்' என்றே எழுதுவார்கள். இது கால்பந்தோடு நிற்பதும் இல்லை. ஆசிரியர் தேர்வுக் குழுவுக்கும், நீதிமன்றத்துக்கும், சீடர் சொல்லைக் கேட்கும் மடத்துக்கும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் பெற்றோருக்கும் பொருந்தும். ஆப்தர் கிடைக்கவில்லையே என்று குறைப்படுபவர், ஆப்தராக இருக்க யாருக்காவது தாம் இடம் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பேட்ரியட்ஸ் அலுவலகத்தில் பெலிச்சிக்கின் வலக்கையாக வீரர் தேர்வை நடத்திய ஸ்காட் பியோலி, டாம் பிராடியைக் கண்டெடுத்தவர் என்ற பாராட்டில் பங்கு பெற்றவர். அவர் தம் மேசைமேல் ஒரு வீரரின் படத்தை வைத்திருந்தார். அது பிராடிக்கு முன்னால், ஐந்தாவது சுற்றில், அதே ஆண்டு அவர்கள் எடுத்து, தங்களுக்காக ஒரு ஆட்டமும் ஆடாமலே போன ஒருவரின் படம்.