கதவுக்குள் இறங்கும் தண்ணீர்

வன்னியில் பழைய லாண்ட் ரோவர் வைத்திருப்பவர் மாரிக்கு முன்னரே கதவுக் கண்ணாடி ஓடும் பள்ளங்களைத் துப்புரவாக்கிவிட வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் ரோட்டில் முன்னால் ஓர் உழவு இயந்திரம் போனாலே போதும், செம்புழுதி அந்தப் பள்ளத்தில் போய்ப் படியும். கோடையில் அது வெறும் தூள். ஐப்பசி மழையில் சேறாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு பொருமத் தொடங்குவது அப்போதுதான்.

*

1958 முதல் 1985 வரை வந்த சீரிஸ் இரண்டு, மூன்று வண்டிகளில் கண்ணாடி பக்கவாட்டில் நகரும். அதைத் தாங்குவது பள்ளத்தில் ஒட்டிய கம்பளிப் பட்டி. பட்டி இற்றுப்போனால் முதலில் வருவது சத்தம், பிறகுதான் தண்ணீர். ஆகவே சத்தத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

பின்னர் வந்த வண்டிகளின் ஏறி இறங்கும் கண்ணாடியென்றால், பக்கத்தில் இருப்பவர் ஓடும் வண்டியில் கண்ணாடியை விரலால் அழுத்திப் பார்க்கலாம். ஓரத்தை அழுத்தும்போது சத்தம் அடங்கினால் பட்டி தேய்ந்திருக்கிறது. அடியை அழுத்தும்போது அடங்கினால், கண்ணாடியைக் கவ்வியிருக்கும் இரும்புத் தவாளிப்பு தளர்ந்திருக்கிறது.

*

ஏறி இறங்கும் கண்ணாடிக்கும் வெளி ரப்பருக்கும் இடையால் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். செய்தவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். குளத்துக்கு வான் எப்படியோ, கதவுக்கு அந்தத் துளைகள். கசிவை நிறுத்தும் அவசரத்தில் சிலிக்கனால் அவற்றையும் பூசி மூடிவிட்ட கதவுகளைக் கண்டால் மனம் பதறும். உள்ளே தேங்கிய தண்ணீர் கதவின் அடியைத் தின்று, கடைசியில் கால்மாட்டுக்குத்தான் வரும். பூசுவதற்கு முன் ஒரு கம்பியால் துளைகளைக் குத்திப் பாருங்கள். பாதிக் கசிவு அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

மீதியைத் தேட ஒரு வாளித் தண்ணீரும் உள்ளே ரோர்ச்சுடன் ஓர் ஆளும் வேண்டும். கீழேயிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஊற்ற வேண்டும். மேலே தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது வழியென்று தெரியாமல் போகும்.

*

கண்ணாடி திடீரென்று கதவுக்குள் விழுவதற்கு அதன் அடியைக் கவ்வும் அந்த இரும்புத் தவாளிப்பே பெரும்பாலும் காரணம். துருவேறி, உள்ளிருக்கும் ரப்பர் காய்ந்து, பிடி விட்டுவிடுகிறது. மட்டையை மடித்துச் செருகினால் வீடுவரை வரலாம், அவ்வளவுதான். கழற்றித் துருவைச் சுரண்டி, வர்ணம் பூசிக் காயவிட்டு, புது ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து இறுக்க வேண்டும். கிறீஸ் மட்டும் வேண்டாம். அது ரப்பரை உப்ப வைக்கும், புழுதியையும் கூட்டிச் சேர்க்கும்.

*

தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவது இங்கே அப்போதே பழகிய வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும்வரை நாடு முழுவதும் அப்படித்தான் இருந்தது. லாண்ட் ரோவர் டிஃபென்டரின் பழைய வடிவத் தயாரிப்பும் 2016 ஜனவரியோடு நின்றுவிட்டது. இருக்கிற கதவுகளைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

*

முல்லைத்தீவுக் கரையோரம் ஓடும் வண்டிக்கு இன்னுமொரு வேலை. கதவின் மேல்தகடு அலுமினியம், உள்சட்டம் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். புது ரப்பர் பூட்டுவதற்கு முன் அந்த விளிம்பைத் தேய்த்து வர்ணம் பூசிவிட வேண்டும். தகடு விரல்பட்டு உடையும் அளவுக்கு வந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, கதவையே மாற்ற வேண்டும்.