வாங்கத் தெரிந்த கை

கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும் என்பது நாம் சிறு பிராயத்திலிருந்து கேட்டுவருகிற பாடம். ஆகவே, பிறருக்கு உதவப் புறப்படுகிற மனிதன், தன்னை அறியாமலே, தன் கை மேலே இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் புறப்படுகிறான். அந்த நினைப்பு எத்தனை நாள் தாங்கும்? கடல் கடந்து நம்மைப் போன்ற வெயில் தேசங்களுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களைப் பார்த்தால், மூன்று நாள் தாங்கினால் அதிகம் என்று தோன்றுகிறது.

1961-ஆம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'அமைதிப் படை' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். ஏழை நாடுகளுக்குப் போய், அங்குள்ள ஜனங்களோடு ஜனங்களாக இரண்டு வருஷம் வாழ்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வருஷக் கடைசியிலேயே முதல் கோஷ்டி பஞ்சாபுக்கு வந்தது. 1976 வரை ஆயிரக்கணக்கானவர்கள் நம் நாட்டுக்கு வந்து போனார்கள். எல்லாரும் இளைஞர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பின்னால் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 1966-ல், தம் அறுபத்தெட்டாவது வயதில், பம்பாயை அடுத்த விக்ரோளிக்கு வந்து நர்ஸாக வேலை பார்த்தார்.

வந்து இறங்கியவுடன் இவர்கள் என்ன தொண்டு செய்ய முடியும்? வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அதுவரை தலை கிறுகிறுக்கும், வியர்க்குரு அரிக்கும், வியர்வையோடு உப்பும் அதிகமாக வெளியேறும். போகப்போகத்தான் உப்பை உள்ளே நிறுத்திக்கொண்டு வியர்க்க உடம்பு கற்றுக்கொள்கிறது. தண்ணீரும் காரமும் வயிற்றைக் கலக்கும். கையால் பிசைந்து சாப்பிடத் தெரியாது. அண்ணாந்து குடிக்கத் தெரியாது. கடையில் ஒரு தீப்பெட்டி கேட்டு வாங்க வாய் வராது. தன் ஊரில் பட்டதாரியாக நடமாடியவன், இங்கே தெருக் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பொருளாகிறான்.

அப்போது மனத்தில் ஒரு கசப்பு ஊறும். அதே 1961-ல் நைஜீரியாவின் இபாடான் நகருக்குப் பயிற்சிக்கு வந்த மார்ஜரி மிச்செல்மோர் என்ற பெண், இங்கே ஜனங்கள் வீதியிலேயே வாழ்கிறார்கள், வீதியிலேயே சமைக்கிறார்கள் என்று தன் அதிர்ச்சியை ஒரு தபால் கார்டில் எழுதினாள். கார்டு கைதவறி, அவ்வூர் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பிரதிகள் பரவின, கண்டனக் கூட்டம் நடந்தது, அவள் ஊர் திரும்ப நேர்ந்தது. அவள் பொய் எழுதவில்லை, பார்த்ததைத்தான் எழுதினாள். ஆனால், வீதியில் அடுப்பு மூட்டியவளிடம் ஒரு கவளம் வாங்கிச் சாப்பிட்ட பிறகு எழுதியிருந்தால், அந்தக் கார்டின் வாசகம் வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் கடலூர் ஜில்லாவுக்கு இந்த அனுபவம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுந்த கடல், கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கரை வரை குப்பங்களைச் சிதைத்துப்போட்டது. ஜில்லாவில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். உதவி பல திசைகளிலிருந்தும் குவிந்தது. பழந்துணி லாரி லாரியாக வந்தது. உழைத்துத் தின்ற அந்த ஜனங்கள் அதைத் தொட மனமில்லாமல் ஒதுங்க, துணி சாலையோரங்களில் குவியலாகக் கிடந்து மக்கியது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்நாட்களில் சிதம்பரத்திலிருந்து நாங்கள் சில நண்பர்கள் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு குப்பத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்து சேர்ந்தான். மார்கழி மாதம், நாங்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவோம், அவனோ சட்டை நனைய வியர்த்துக்கொண்டு ஓலை சுமப்பான். மூன்றாம் நாள் வயிறு கெட்டுச் சுருண்டு படுத்துவிட்டான். வீட்டையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டகையில் இருந்த ஒரு கிழவி, நிவாரண அரிசியில் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, ஆற்றிக் கொண்டுவந்தாள். அவன் வாங்க மறுத்தான். "இவர்களுக்கு வந்த அரிசியை நான் குடிப்பதா? வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று என்னைக் கெஞ்சினான். நான் சொன்னதும் கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடிக்கச் சொல்லுங்க தம்பி. பத்து நாளா நீட்டி நீட்டி என் கையே எனக்குப் புடிக்காமப் போச்சு. இன்னிக்குத்தான் நானும் ஒருத்தருக்குக் குடுக்கறேன்."

அவன் குடித்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும், ஓலை சுமப்பதை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத ஆரம்பித்தான். பெண்கள் கேட்டது, மீன் சுமந்து விற்க அலுமினிய அன்னக்கூடை. அதுவரை வந்த எந்த லாரியிலும் அது வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அவனுடைய விமானக் கட்டணத்தில் நம் ஊர்க் கொத்தனார்கள் எத்தனை பேருக்குக் கூலி கொடுத்திருக்கலாம்? எல்லாம் இழந்தவள், உதவ வந்தவனுக்குப் பணிவிடை செய்வது என்ன தருமம்? அவனிடம் ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது; அவளுக்குப் போக வேறு ஊர் இல்லை. இதை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. ஓலை சுமக்க நம்மிடம் ஆள் உண்டு. இரண்டு வாரம் இருந்து, நாலு புகைப்படத்தோடு திரும்புகிறவன் தன் மனத்துக்குத்தான் தொண்டு செய்துகொள்கிறான். ஆரம்ப நாட்களின் அவஸ்தை, அதைத் தாண்டியும் தங்குகிறவனுக்கே கல்வியாகிறது. இரண்டு வருஷம் என்று கெடு வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

பெரியவர்கள் வாங்கக் கூசியதில்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், வடலூரில் 1867 மே மாதம் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவன் யார், என்ன ஜாதி என்று கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். அந்தத் தருமசாலை எழுந்த நிலம், பக்கத்துப் பார்வதிபுரத்துக் குடியானவர்கள் மனமுவந்து கொடுத்தது. அவர் முதலில் வாங்கினார். பிறகு எல்லாருக்கும் கொடுத்தார்.

வெளிநாட்டான் கதை இருக்கட்டும். நம் பிள்ளைகளும் காலேஜிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று கிராமங்களுக்குப் போகிறார்கள். நாம் புளியோதரையும் தண்ணீர் பாட்டிலும் கட்டிக்கொடுத்து, "கண்ட இடத்தில் எதையும் வாங்கிச் சாப்பிடாதே" என்று சொல்லி அனுப்புகிறோம். வயிற்றுக்காகச் சொல்கிறோமா, அந்தக் 'கண்ட இடம்' எந்தத் தெரு என்பதற்காகச் சொல்கிறோமா என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகள் சாலை போடுகிறார்கள், மரம் நடுகிறார்கள், நல்ல பெயரோடு திரும்புகிறார்கள். ஆனால், தான் கொடுத்த ஒரு குவளை மோரை வாங்கிக் குடிக்காதவனிடம், எந்த வீட்டுக்காரியும் தன் குறையை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.