பின்னால் போகாதீர்கள்

லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் ஆல்பர்ட் நினைவுச் சின்னத்தைப் படமெடுக்க வருபவர்கள் பின்னாலேயே நகர்ந்து போகிறார்கள். 176 அடி உயரமும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டுமே! அந்தப் படம் அஞ்சலட்டையிலேயே இருக்கிறது. கம்பி வேலி வரை போய் ஜூம் செய்து பாருங்கள். பொன் முலாம் பூசிய இளவரசர் ஆல்பர்ட் சிலையின் கையில் வாள் இல்லை. 1851 மாபெரும் கண்காட்சியின் பட்டியல் புத்தகம்! பீடத்தைச் சுற்றி 169 உருவங்கள்: கவிஞர்கள், இசைவாணர்கள், ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள். ஒரு மூலையில் ஆசியா, யானைமேல் அமர்ந்து முகத்திரையை விலக்கும் பெண்ணாக. வெயில் சாய்வாக விழும்வரை பொறுத்திருங்கள். உச்சி வெயிலில் தட்டையாகக் கிடந்த அந்தக் கல் துணியின் மடிப்புகளில் அப்போதுதான் நிழல் இறங்கும்.